ரிட்டன் லோடு

நாமக்கல், சங்ககிரி, திருச்செங்கோடு வட்டாரத்தில் ஒரு வீட்டு வாசலில் நின்று ஆண்பிள்ளை எங்கே என்று கேட்டால், "லைனுக்குப் போயிருக்காருங்க" என்று பதில் வரும். லைன் என்பது வெளிமாநில லாரி ஓட்டம். எந்த ஊருக்கு என்று அடுத்துக் கேட்டால் பல வீடுகளில் ஊர்ப் பெயர் தெரியாது. என்ன லோடு என்பது தெரியும். ஜவ்வரிசி ஏற்றினார் என்றால் மகாராஷ்டிரப் பக்கம். முட்டை என்றால் கேரளம், இரண்டு நாளில் ஆள் திரும்பிவிடும். சிவகாசித் தீப்பெட்டி என்றால் வடக்கே வெகுதூரம். போகும் லோடு தெரிந்தால் போய்ச்சேரும் நாள் தெரியும். திரும்பி வரும் நாளை மட்டும் வீட்டிலும் சொல்ல முடியாது, டிரைவராலும் சொல்ல முடியாது. அது ரிட்டன் லோடு, அதாவது திரும்பும்போது ஏற்றிவரும் சரக்கு, கிடைப்பதைப் பொறுத்தது. முப்பது நாற்பது வருடம் லைன் ஓட்டியவர்களின் குடும்பத்தில் கல்யாணம், பிரசவம், சாவு எல்லாமே இந்த ஒரு சொல்லைச் சுற்றித்தான் நடந்திருக்கின்றன.

இந்த வட்டாரம் லாரிக்கு வந்ததற்குக் காரணம் தண்ணீர் இல்லாததுதான். வானம் பார்த்த மேட்டுக்காடு. கிணறு வற்றினால் பண்ணையம் முடிந்தது. காட்டை அடமானம் வைத்து, வீட்டுப் பெண்களின் நகையைக் கழற்றி, மாமன் மச்சான் பங்கு சேர்ந்து ஒரு வண்டி எடுப்பார்கள். வண்டி என்று சொன்னாலும் அந்தக் காலத்தில் கம்பெனி கொடுத்தது வெறும் சேஸிஸ்தான். எஞ்சின், சட்டம், சக்கரம், ஸ்டியரிங். கூண்டு கிடையாது, முன்கண்ணாடி கிடையாது. தொழிற்சாலையிலிருந்து அதை ஓட்டிவருகிறவர் தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு, பலகை மேல் உட்கார்ந்து, வெயிலையும் தூசியையும் முகத்தில் வாங்கிக்கொண்டு வருவார். நாமக்கல் பட்டறையில்தான் அது லாரியாகும்.

பாடி கட்டும் நாட்களில் அந்த வண்டியை ஓட்டப்போகிற டிரைவர் பட்டறைக்குத் தினமும் போய் நிற்பது வழக்கம். புது வீடு கட்டுகிறவர் கொத்தனார் பக்கத்தில் நிற்பதுபோலத்தான். சீட்டுக்குப் பின்னால் படுக்கிற பலகை எவ்வளவு அகலம், அடுப்பு வைக்கிற பெட்டி எந்தப் பக்கம், அரிசி மூட்டை எங்கே, தண்ணீர்க் கேன் எங்கே, சாமி படம் எந்த இடத்தில் மாட்டுவது என்றெல்லாம் சொல்லிச் செய்வார். உயரமான ஆளாக இருந்தால் பலகையை அரையடி நீட்டச் சொல்வார். கூண்டுக்கு மேல் நெற்றியில் எழுதும் பெயர் மட்டும் ஓனருடைய விருப்பம். குலதெய்வம், இல்லையென்றால் பிள்ளைகளின் பெயர். பிற்பாடு கம்பெனியே கூண்டோடு வண்டி கொடுக்க ஆரம்பித்தது. அதில் சீட் நன்றாக இருக்கிறது, மழை ஒழுகுவதில்லை. 2025 அக்டோபர் 1 முதல் தயாராகும் கனரக லாரிகளின் கூண்டில் ஏ.சி. இருக்க வேண்டும் என்று சட்டமே வந்துவிட்டது. மே மாதம் ஆதிலாபாத் தாண்டி எஞ்சின் சூட்டில் உட்கார்ந்து ஓட்டியவர்களுக்குத்தான் அதன் அருமை தெரியும். ஆனால் ஓட்டுகிறவர் தன் கைமுழம் போட்டு அளந்து கட்டிய கூண்டு அத்தோடு போய்விட்டது.

ஒரு தடவை போய் வருவதை நடை என்பார்கள். நடை தொடங்குவது ஸ்டார்ட்டரைத் திருகுவதில் இல்லை, கயிற்றில். லோடுமேன்கள் மூட்டைகளை அடுக்கி முடித்ததும் தார்பாயை விரித்து, மூலைகளைக் கடித உறைபோல மடித்து, மடிப்பின் வாய் வண்டியின் பின்பக்கம் பார்க்கும்படி வைக்க வேண்டும். முன்பக்கம் பார்த்தால் ஓட்டத்தில் காற்று உள்ளே புகுந்து தார்பாயைக் கிழித்துவிடும். பிறகு கயிறு. பக்கவாட்டுக் கொக்கியில் மாட்டி, மேலே எறிந்து, மறுபக்கம் இறக்கி, ஒரு சுருக்குப் போட்டு, அதற்குள் கயிற்றை விட்டுத் தொங்கி இழுக்க வேண்டும். புதிதாய் வந்த கிளீனருக்கு முதல் மாதம் உள்ளங்கை உரிந்துவிடும். கட்டி முடித்ததோடும் வேலை முடியாது. ஐம்பது அறுபது கிலோமீட்டர் ஓடியதும் குலுக்கலில் மூட்டைகள் உட்கார்ந்து கயிறு தளர்ந்திருக்கும். விவரமான டிரைவர் அங்கே வண்டியை ஓரங்கட்டி, ஒவ்வொரு கயிறாகத் தட்டிப் பார்ப்பார். இறுகிய கயிறு ஒரு மாதிரி சத்தம் கொடுக்கும், தளர்ந்தது வேறு மாதிரி. இந்த ஐந்து நிமிடத்துக்குச் சோம்பல்பட்டால் மூட்டை நனையும். நனைந்த ஜவ்வரிசியைச் சரக்கு வாங்கும் பார்ட்டி இறக்க மாட்டார். டேமேஜ் என்று வாடகையில் பிடித்துக்கொள்வார். அது கடைசியில் டிரைவர் கணக்கில்தான் வந்து விழும்.

தூர லைனுக்கு அந்த நாளில் மூன்று பேர் போவார்கள்: இரண்டு டிரைவர், ஒரு கிளீனர். ஒருவர் ஓட்டும்போது மற்றவர் பின்பலகையில் படுத்திருப்பார். வண்டி குலுங்குவதோ ஹாரன் சத்தமோ அவரை எழுப்பாது. வண்டி நின்றால் எழுந்துவிடுவார். ஏன் நின்றது என்பதுதான் அவருடைய முதல் கேள்வி. இந்தப் பழக்கம் வீட்டுக்கும் கூடவே வரும். இரவு இரண்டு மணிக்குத் தன் முறை வந்ததென்று எழுந்து கட்டிலில் உட்காருகிற கணவனை, "வூட்டுலதான் இருக்கறீங்க, படுங்க" என்று மனைவி சொல்லிப் படுக்க வைப்பது லைன் வீடுகளில் சாதாரணம்.

1961ஆம் ஆண்டு மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் நாளுக்கு எட்டு மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம் என்று வேலை நேரத்தை வரையறுத்தது. வாடகையில் இத்தனை சதவீதம் என்றோ நடைக்கு இவ்வளவு என்றோ சம்பளம் பேசுகிற இடத்தில் அந்த எட்டு மணி நேரத்தை யாரும் கணக்கு வைத்ததில்லை. ஓடினால் காசு, நின்றால் செலவு. இந்தத் தொழிலின் பல விபத்துகளுக்கு வேர் இந்தச் சம்பள முறையில் இருக்கிறது.

தொப்பூர்க் கணவாய் ஒரு உதாரணம். வடக்கே போய்த் திரும்பும் வண்டி தருமபுரியைக் கடந்து சேலத்தை நோக்கி இறங்குகிற இடம் அது. வீடு நெருங்கிவிட்ட நினைப்பு ஒரு பக்கம், டீசல் மிச்சம் பிடிக்கும் ஆசை ஒரு பக்கம். இறக்கத்தில் நியூட்ரலில் போட்டு உருட்டுவார்கள். சிலர் எஞ்சினையே நிறுத்திவிடுவார்கள். லாரியின் ஏர் பிரேக்குக்குக் காற்று நிரப்புவது எஞ்சின் சுழற்றும் கம்ப்ரஸர். எஞ்சினை நிறுத்திவிட்டு நாலைந்து தடவை பிரேக்கை மிதித்தால் டாங்கியில் இருந்த காற்று தீர்ந்துபோகும். கியரில் இருந்தால் எஞ்சினே வண்டியை இழுத்துப் பிடிக்கும். நியூட்ரலில் அந்தப் பிடிப்பும் இல்லை. இருபது டன் சுமை பின்னாலிருந்து தள்ளும். ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் ஒரு கீறல் இல்லாமல் ஓட்டிக்கொண்டு வந்தவர்கள், வீட்டுக்கு ஒரு மணி நேரத் தூரத்தில் இந்த இறக்கத்தில் போயிருக்கிறார்கள். மூத்த டிரைவர்கள் கிளீனர்களுக்குச் சொல்லிக் கொடுத்தது ஒன்றே: எந்தக் கியரில் ஏறுவாயோ அந்தக் கியரில் இறங்கு.

சேலத்திலிருந்து டெல்லி ஏறக்குறைய 2,300 கிலோமீட்டர். பெங்களூரு, அனந்தப்பூர், கர்னூல், ஹைதராபாத், ஆதிலாபாத், நாக்பூர், சாகர், ஜான்சி, குவாலியர், ஆக்ரா. முழு லோடோடு போனால் 1980களில் ஆறேழு நாள் ஆகும். அப்போது எதிரும் புதிருமாக ஒரே சாலை. நிர்மல் பக்கத்து மலைப்பாதையில் முன்னால் ஒரு வண்டி அச்சு முறிந்து நின்றால் பின்னால் மைல் கணக்கில் நிற்க வேண்டியதுதான். குவாலியர் தாண்டி மொரேனா, தோல்பூர் வழியாகச் சம்பல் பள்ளத்தாக்கை ராத்திரியில் தனியாகக் கடக்க மாட்டார்கள். பத்துப் பன்னிரண்டு வண்டி சேரும் வரை ஒரு தாபாவில் நின்று, வரிசையாகப் புறப்படுவார்கள். முதலில் போகிறவரும் கடைசியில் போகிறவரும் தைரியமான ஆட்களாக இருக்க வேண்டும். அந்த வரிசையில் பஞ்சாப் வண்டி, ராஜஸ்தான் வண்டி, ஆந்திர வண்டி எல்லாம் இருக்கும். நடுவில் ஒருவர் டயர் வெடித்து நின்றால் எல்லாரும் நிற்பார்கள். பேசும் மொழி வேறு. ஸ்டெப்னியை உருட்டிக்கொண்டு ஓடிவருகிறவனுக்கு மொழி தேவைப்பட்டதில்லை.

இந்தியை யாரும் புத்தகத்தில் படிக்கவில்லை. கிளீனராகப் போன பையன் தாபாவில் தண்ணீர் கேட்டு, டீ கேட்டு, காசு எண்ணி, பஞ்சர் கடையில் பேரம் பேசிக் கற்றுக்கொண்டது. தெலுங்கும் கன்னடமும் அப்படித்தான் வந்தன. ஐந்தாம் வகுப்போடு நின்றவர்கள் நான்கு மொழி பேசியது இந்தத் தொழிலில் வியப்பில்லை.

சாப்பாடு மட்டும் தமிழ்நாட்டு வண்டிகளில் தனி. பஞ்சாப் டிரைவர் தாபாவில் கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்து, குறுக்கே போட்ட பலகையில் ரொட்டியும் பருப்பும் வாங்கிச் சாப்பிட்டுவிடுவார். நாமக்கல் வண்டியில் புழுங்கலரிசி மூட்டை, புளி, மிளகாய்த்தூள், வீட்டில் இடித்துக் கொடுத்த பருப்புப்பொடி எல்லாம் இருக்கும். பம்ப் அடிக்கிற மண்ணெண்ணெய் அடுப்பு முதலில், சின்ன கேஸ் சிலிண்டர் பிற்பாடு. காற்று அடிக்காத பக்கமாகப் பின்சக்கரத்தின் மறைவில் அடுப்பை வைத்து, கிளீனர் உலை போடுவான். சோறு வேகும் நேரத்தில் டிரைவர் டயரைத் தட்டிப் பார்த்து, ஆயில் பார்த்து, குளித்துவிட்டு வருவார். பணத்தை மிச்சப்படுத்தத்தான் இந்தப் பழக்கம் தொடங்கியது. ஆனால் பத்து நாள் கழித்து வீட்டுப் பருப்புப்பொடியைச் சூடான சோற்றில் போட்டுப் பிசைந்தவர் அதைப் பணக்கணக்காக மட்டும் சொல்ல மாட்டார்.

அந்த அடுப்பு எவ்வளவு பெரிய காரியம் என்பது 2020 மார்ச் 25ஆம் தேதி தெரிந்தது. முந்தின நாள் இரவு ஊரடங்கு அறிவிப்பு வந்தபோது லட்சக்கணக்கான லாரிகள் ரோட்டில் இருந்தன. விடிந்தபோது தாபா இல்லை, டீக்கடை இல்லை, பஞ்சர் கடை இல்லை. சரக்கு இறக்க ஆள் இல்லாததால் லோடோடு நின்றன. நாக்பூர்ப் புறவழிச்சாலையில் நின்ற வண்டிகளில் தமிழ்நாட்டு வண்டியைச் சுற்றித்தான் கூட்டம் இருந்தது. உலை வைக்க முடிந்தது அவர்களால்தான். அரிசி தீரும் மட்டும் ராஜஸ்தான் டிரைவர்களும் பீகார் கிளீனர்களும் ரசஞ்சோறு சாப்பிட்டார்கள். மூன்றாம் நாள் பக்கத்துக் கிராமத்திலிருந்து ஒரு பெரியவர் சைக்கிளில் கோதுமை மாவும் வெங்காயமும் கொண்டுவந்து, கிட்டே வரப் பயந்து, தூரத்தில் இறக்கி வைத்துவிட்டுக் கையைக் காட்டிப் போனார். மறுநாளும் வந்தார். அவர் பெயரை யாரும் கேட்டுவைக்கவில்லை.

இப்படிப் பெயர் தெரியாதவர்கள் லைன் ஓட்டிய ஒவ்வொருவரின் நினைவிலும் இருக்கிறார்கள். 1991 டிசம்பரில் காவிரித் தகராறு கர்நாடகத்தில் கலவரமாக வெடித்தபோது, தமிழ்நாட்டு எண் பலகை இருந்தாலே வண்டிக்கு ஆபத்து. நெடுஞ்சாலையில் மாட்டிக்கொண்ட ஒரு வண்டியை ஒரு கன்னட விவசாயி தன் கரும்புக் காட்டுக்குள் விடச் சொன்னார். தார்பாயை இறக்கி எண் பலகையை மறைத்தார்கள். இரண்டு ராத்திரி வண்டி அங்கேயே நின்றது. அவர் வீட்டிலிருந்து ராகிக் களி வந்தது. ரோடு அமைதியானதும் தன் மகனைக் கூண்டில் ஏற்றிவிட்டார். வழியில் யாராவது நிறுத்தினால் பையன் கன்னடத்தில் பேசிக்கொள்வான் என்பதற்காக. பையன் ஆந்திர எல்லை வரைக்கும் வந்து, பஸ் ஏறித் திரும்பினான். 2016 செப்டம்பரில் மறுபடியும் அதே தகராறு வந்து ஓசூரில் வண்டிகள் நின்றபோது, 1991இல் அந்த வண்டியை ஓட்டிய டிரைவர் அங்கே நின்ற இளைஞர்களிடம் இந்தக் கதையைத்தான் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார்.

வீட்டுச் செய்தி வருவது வெகுகாலம் இன்னொரு லாரி வழியாகத்தான். கடிதம் போட்டால் டிரைவர் இருக்கும் ஊருக்குப் போய்ச்சேராது. தந்தி அடிக்க விலாசம் கிடையாது. எதிரில் வருகிற வண்டி நம் பக்கத்து வண்டி என்று தெரிந்தால் விளக்கை அணைத்து அணைத்துக் காட்டுவார்கள். இரண்டும் நிற்கும். "ஊருக்குத்தானுங்க மாமா? வூட்டுல சௌக்கியம்னு சொல்லிப்போடுங்க" என்று ஒரு வரி. சங்ககிரிப் பக்கத்து டிரைவர் ஒருவருக்கு முதல் குழந்தை பிறந்த செய்தி கர்னூல் தாண்டி ஒரு டீக்கடையில் கிடைத்தது. குழந்தை பிறந்து ஒன்பது நாள் ஆகியிருந்தது. சொன்னவர் வேறு ஊர்க்காரர். அவருக்கு அதைச் சொன்னவர் இன்னொரு டிரைவர். பெண் என்பது சரியாக வந்து சேர்ந்திருந்தது. தாயும் பிள்ளையும் நலம் என்பதும் வந்திருந்தது. வண்டியில் இருந்த வெல்லத்தை எடுத்து டீக்கடையில் இருந்தவர்களுக்கெல்லாம் கொடுத்துவிட்டு அவர் வடக்கே போனார். மகளைப் பார்த்தபோது அவளுக்கு முப்பத்தைந்து நாள். பிறகு எஸ்.டி.டி. பூத்துகள் வந்தன. ராத்திரி நேரத்தில் கட்டணம் குறைவு என்பதால் பூத் வாசலில் டிரைவர்கள் வரிசையில் நிற்பார்கள். 2000க்குப் பிறகு செல்போன். இன்று வீடியோவில் பிள்ளையின் முகத்தைப் பார்த்துக்கொண்டே சாப்பிடுகிறார்கள். அந்த ஒரு மாற்றத்துக்காகவே பழைய டிரைவர்கள் இந்தக் காலத்தைக் கும்பிடுகிறார்கள்.

சாவுச் செய்தி அப்படிச் சேர்ந்ததில்லை. தாய் தகப்பன் போன செய்தி எட்டுவதற்குள் காரியம் முடிந்திருக்கும். கொள்ளி வைக்க வேண்டிய மூத்த மகன் ஜபல்பூரில் இருப்பான், தம்பி வைத்துவிடுவான். வந்து சேர்ந்ததும் தாயின் கட்டிலைப் பார்த்துவிட்டு, மொட்டை அடித்துக்கொண்டு, மறுவாரம் நடைக்குப் போவார்கள். டிரைவரே வழியில் இறந்தால் அது வேறு கதை. நெஞ்சுவலி வந்து ஓரங்கட்டியவர் சீட்டிலேயே போய்விடுவார். கூட இருக்கும் கிளீனர் பதினேழு வயதுப் பையன். ஊர் தெரியாது, போலீஸ் தெரியாது. அந்த வழியாக வருகிற தமிழ்நாட்டு வண்டிகள் ஒவ்வொன்றாக நிற்கும். ஒருவர் போலீஸ் நிலையத்தில் பேசுவார், ஒருவர் ஆஸ்பத்திரியில் நிற்பார், ஒருவர் பணம் பிரிப்பார். லோடை இன்னொருவர் கொண்டுபோய் இறக்குவார். செத்தவர் யார் என்றே தெரியாதவர்கள் இரண்டு நாள் ஓட்டத்தை விட்டுவிட்டு நின்றிருக்கிறார்கள். அப்படி நிற்காத வண்டியைப் பற்றிப் பிற்பாடு தாபாக்களில் பேச்சு வரும். அந்தப் பேச்சு ஓனர் காதுக்கும் போகும்.

இந்த வட்டாரம் வெளியே பேசத் தயங்கிய ஒரு துன்பமும் உண்டு. 1990களின் பிற்பகுதியில் எச்.ஐ.வி. லாரி வழியாக வீட்டுக்குள் வந்தது. மாதக்கணக்கில் வீட்டை விட்டுப் பிரிந்திருக்கும் இளம் ஆண்கள், கையில் ரொக்கம், ஹால்ட்டிங் போடுகிற ஊர்களில் சும்மா கிடக்கும் நாட்கள். ஓடும்போது யாரும் கெட்டதில்லை, லோடுக்காக நிற்கும்போதுதான். தொற்றோடு திரும்பியவர்கள் தெரியாமலே மனைவிக்குக் கொடுத்தார்கள். முப்பது வயதில் விதவையாகி, தானும் மருந்து சாப்பிட்டுக்கொண்டு, பிள்ளைகளைப் படிக்க வைத்த பெண்கள் இந்த ஊர்களில் இருக்கிறார்கள். அவர்களுக்கு நேர்ந்த அநியாயத்துக்கு யாரும் ஈடு செய்யவில்லை. கூட்டு மருந்துச் சிகிச்சை 2004இல் அரசு மருத்துவமனைகளில் இலவசமாகக் கிடைக்கத் தொடங்கிய பிறகு பலர் பிழைத்தார்கள். ஆனால் லைன் டிரைவருக்குப் பெண் கொடுப்பதற்கு யோசிக்கிற வழக்கம் அந்த வருடங்களில் தொடங்கி, இன்றுவரை மாறவில்லை.

ஹால்ட்டிங் என்றால் என்ன என்பதை வெளியே இருப்பவர்களுக்கு விளக்குவது கடினம். டெல்லியில் சஞ்சய் காந்தி டிரான்ஸ்போர்ட் நகரிலோ நவி மும்பையில் களம்போலியிலோ சரக்கை இறக்கியாயிற்று. வெறும் வண்டியாகத் திரும்பினால் டீசல் காசுகூட மிஞ்சாது. புக்கிங் ஆபீசில் வண்டி எண்ணைப் பதிந்துவிட்டுக் காத்திருக்க வேண்டும். நாசிக் வெங்காயம், ராஜஸ்தான் மார்பிள், இரும்பு, கோதுமை, எது கிடைக்கிறதோ. தெற்கே போகும் லோடுக்கு நாற்பது வண்டி நின்றால் வாடகை விழுந்துவிடும். பார்ட்டி சொல்லும் விலைக்குச் சம்மதிக்காமல் ஒரு நாள் நிற்கலாம், இரண்டு நாள் நிற்கலாம். மூன்றாம் நாள் கைக்காசு தீரும்போது யாரும் ஏற்றிவிடுவார்கள். புரோக்கருக்கு இது தெரியும். கமிஷன் எப்படியும் அவருக்கு வரும்.

காஷ்மீர் ஆப்பிள் ஏற்றப் போனவர்களின் காத்திருப்பு இன்னும் கொடுமை. ஜம்மு–ஸ்ரீநகர் சாலையில் மண் சரிந்தாலோ பனி விழுந்தாலோ கனரக வண்டிகளை நிறுத்திவிடுவார்கள். காசிகுண்ட் பக்கம் வரிசையில் நிற்கும் வண்டிக்குள் பெட்டி பெட்டியாக ஆப்பிள் கனிந்து, பிறகு அழுகி, வாசனை மாறுவதை டிரைவர் மூக்கிலேயே உணர்வார். 2017இல் செனானி–நாஷ்ரி சுரங்கப்பாதை திறந்தது. ஒன்பது கிலோமீட்டர் நீளம், மலையைச் சுற்றுகிற முப்பது கிலோமீட்டருக்கும் மேலான பாதையை மிச்சப்படுத்தியது. 2021இல் பனிஹால்–காசிகுண்ட் சுரங்கமும் வந்தது. ராம்பன் பக்கத்துச் சரிவுகள் மட்டும் இன்னும் நின்றபாடில்லை.

சாலை மாறியதை மறுப்பவர் யாரும் இல்லை. தங்க நாற்கர வேலை 1999இல் தொடங்கி, அதோடு வடக்கு–தெற்கு வழித்தடமும் நான்கு வழியானது. எல்லாரும் ஏழாம் நம்பர் ரோடு என்று சொன்னது இன்று 44. 2017 ஜூலை 1ஆம் தேதி ஜி.எஸ்.டி. வந்ததும் மாநில எல்லைகளில் விற்பனை வரிச் சோதனைச்சாவடிகள் எடுக்கப்பட்டன. ஒவ்வொரு சாவடியிலும் பில்லை நீட்டி, முத்திரைக்கு நின்று, மாமூல் கொடுத்து, அரை நாள் போவது நின்றது. 2021 பிப்ரவரியிலிருந்து டோலுக்கு ஃபாஸ்டேக் கட்டாயமானது. ஆறேழு நாள் டெல்லி நான்கு நாளாகக் குறைந்தது.

அப்படியானால் டிரைவர் வீட்டில் இருக்கும் நாள் கூடியிருக்க வேண்டும். கூடவில்லை. டீசல் விலைக் கட்டுப்பாடு 2014 அக்டோபரில் நீங்கியது. 2017 ஜூனில் விலையைத் தினமும் மாற்றும் முறை வந்தது. வாடகை லோடு ஏற்றும் அன்று பேசியதுதான். டோல் கட்டணம் வேறு. 2018இல் அச்சுக்கு ஏற்றும் எடையைக் கூட்டினார்கள். பத்துச் சக்கர வண்டிக்கு மொத்த எடை 25 டன் என்பது 28.5 டன் ஆனது. எல்லா வண்டியிலும் இடம் கூடியதால் லோடு குறைந்து வாடகை இன்னும் விழுந்தது. புது வண்டிக்கு மாதத் தவணை கட்ட வேண்டுமென்றால் முன்பு மாதம் ஒரு நடை போன வண்டி இப்போது இரண்டு நடை போக வேண்டும். ரோட்டில் மிச்சமான நாளை வங்கித் தவணை எடுத்துக்கொண்டது. ஈ-வே பில் என்று சரக்குக்கு ஒரு மின்னணுச் சீட்டு உண்டு. சாதாரணச் சரக்குக்கு நாளொன்றுக்கு 200 கிலோமீட்டர் என்று அது காலாவதியாகும் நேரம் கணக்கிடப்படுகிறது. வழியில் வண்டி கெட்டு நின்றால் பார்ட்டிக்குப் போன் போட்டு நேரத்தை நீட்டச் சொல்ல வேண்டும். சோதனைச்சாவடி போனது, கடிகாரம் வந்தது.

இந்த நெருக்கடியில் முதலில் போனது கிளீனர். அவனுக்குக் கொடுக்கும் சம்பளமும் படியும் மிச்சம் என்று நிறுத்தினார்கள். பிறகு பல வண்டிகளில் இரண்டாவது டிரைவரும் போனார். பதினைந்து பதினாறு வயதில் வேலைக்கு வந்த பையன்களுக்கு அது நல்ல வாழ்க்கை என்று சொல்ல முடியாது. அடியும் திட்டும் வாங்கித்தான் வளர்ந்தார்கள். அவர்கள் பள்ளிக்கூடத்தில் இருந்திருக்க வேண்டும். ஆனால் கிளீனர் இல்லாமல் டிரைவர் உருவாக வேறு வழி ஏற்படுத்தப்படவில்லை. பின்னால் எடுக்கும்போது பாடியைத் தட்டி "வா, வா, வா" என்று குரல் கொடுத்தவன், ராத்திரி மூன்று மணிக்கு டிரைவர் கண் சொருகும்போது பேச்சுக் கொடுத்தவன், அவன்தான் பத்து வருடம் கழித்து ஸ்டியரிங்கில் உட்கார்ந்தான். இன்று டிரைவர் கிடைக்கவில்லை என்று ஓனர்கள் வடமாநில ஆட்களைத் தேடுகிறார்கள். டிரைவர்கள் தங்கள் மகனை இந்தத் தொழிலுக்கு விடுவதில்லை. நாமக்கல்லைச் சுற்றியுள்ள பொறியியல் கல்லூரிகளில் லாரி ஓட்டிய காசில் படித்த பிள்ளைகள் உண்டு.

தனியாக ஓட்டுகிறவர் தாபாவில் அதிகம் நிற்பதில்லை. நான்கு வழிச்சாலையில் எதிர்ப்பக்கம் போகும் வண்டியின் விளக்கு நடுத்தடுப்புக்கு அப்பால் தெரிகிறது. நிறுத்திப் பேச வழியில்லை. சம்பல் வரிசைக்கு அவசியமில்லை. பாதுகாப்பு கூடியதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. வீட்டோடு பேச்சு கூடி, ரோட்டோடு பேச்சு குறைந்தது.

வீடு வந்த டிரைவருக்கு இரண்டு மூன்று நாள் கிடைக்கும். ஆயுத பூஜைக்கும் ஊர்க் கோவில் நோம்பிக்கும் வந்துவிட வேண்டும் என்று ஓனரிடம் முன்பே சொல்லி வைத்திருப்பார். மற்ற நாள் எல்லாம் நடையின் தயவு. அந்த இரண்டு நாளில் வீட்டுக்கு அவரால் பெரிய உபகாரம் இல்லை என்பதை அனுபவப்பட்டவர்கள் ஒத்துக்கொள்கிறார்கள். ரேஷன் கார்டு எங்கே இருக்கிறது, பையனுக்கு எந்த வாத்தியார், சீட்டுக்கு எவ்வளவு கட்டணும், எதுவும் தெரியாது. எல்லாம் மனைவி கையில். லைன் வீட்டுப் பெண்கள் பண்ணையம் பார்த்து, மாடு கறந்து, தவணைக்காரரிடம் பேசி, மகள் கல்யாணத்துக்கு மாப்பிள்ளை விசாரித்து, நாளையும் குறித்துவிட்டுக் கணவனுக்குப் போன் போட்டிருக்கிறார்கள். இந்தத் தொழிலின் கணக்கில் அந்த உழைப்பு ஒரு வரியாகக்கூட எழுதப்பட்டதில்லை.

நடை முடிந்ததும் ஓனர் வீட்டுத் திண்ணையில் நடைக்கணக்கு நடக்கும். நீளமான நோட்டு. அட்வான்ஸ், டீசல், டோல், லோடிங் கூலி, இறக்குக்கூலி, கமிஷன், பஞ்சர், படி என்று டிரைவர் வாசிக்க வாசிக்க ஓனர் கூட்டுவார். முன்பெல்லாம் 'வழிச்செலவு' என்று ஒரு வரி இருக்கும். சாவடிக் காசு அதில் அடங்கும், இருவரும் அதைப் பற்றிப் பேசிக்கொள்ள மாட்டார்கள். கணக்கு நேரானதும் சம்பளம் கைக்கு வரும். அதற்குள் வண்டியிலிருந்து இறக்கிய தார்பாயை வீட்டுப் பெண்கள் வாசலில் விரித்திருப்பார்கள். போன லோடின் மஞ்சளோ வெங்காயச் சருகோ உதறிவிட்டு, சூரியனுக்கு எதிரே தூக்கிப் பிடித்து, வெளிச்சம் பொத்துக்கொண்டு வருகிற ஓட்டைகளைப் பார்த்துக் கோணி ஊசியால் ஒட்டுப் போடுவார்கள். வெயில் இருந்தால் ஒரு பகலில் காய்ந்துவிடும். சாயங்காலம் மடித்துக் கட்டி வைத்தால், ராத்திரி எந்நேரம் போன் வந்தாலும் லோடுக்குப் புறப்படலாம்.